எறும்புக் கடி

ஊசி போட்டுக்கொள்ளப் போகும் குழந்தையிடம் தமிழ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு பொய்தான் சொல்லப்பட்டு வருகிறது. "ஒன்றுமில்லையடா கண்ணா, சின்ன எறும்பு கடித்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்" என்பதே அந்தப் பொய். அப்பா சொல்லுவார், அத்தை சொல்லுவாள், ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நர்ஸ் அம்மாளும் சொல்லுவாள். முதல் தடவை குழந்தை நம்பிவிடுகிறது. இரண்டாம் தடவை, ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் பட்டதுமே வீரிட்டு அலறுகிறது. எந்த ஊர் எறும்பு இப்படிக் கடிக்கும் என்று அது கேட்பதில்லை. கேட்டால் நம்மில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியாது.

எறும்பு என்றதும் திருவெறும்பூர் ஞாபகம் வருவது இயற்கை. திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், சிறு குன்றின் மேல் எறும்பீஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். அப்பர் சுவாமிகளின் பாடல் பெற்ற ஸ்தலம். திருவெறும்பியூர் என்பது பழைய பெயர். தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு உருக்கொண்டு பூஜை செய்ய வந்தார்களாம். லிங்கத் திருமேனி வழுவழுப்பாயிருந்தபடியால் எறும்புகள் ஏற மாட்டாமல் சறுக்கிச் சறுக்கி விழுந்தன. அதைக் கண்ட இறைவன் தம் திருமேனியைப் புற்று மண்ணாக்கிக் கொண்டு, சற்றே சாய்ந்தும் கொடுத்தார் என்பது ஸ்தல புராணம். ஏறத் தெரியாத எறும்பை அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையைப் பற்றி உபதேசம் செய்யவுமில்லை. ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் நடத்தப்படும் முறையை எண்ணிப் பார்க்கும்போது இந்தக் கதை நமக்கு நினைவுக்கு வருகிறது.

ஊசியாவது ஒரு நிமிஷத்துக் காரியம். வெந்நீர்த் தவலையோ, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த ரசமோ கவிழ்ந்து உடம்பு வெந்துபோன நாலு வயதுக் குழந்தையை நேயர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தீபாவளி கழிந்த மறுநாள் இப்படிப்பட்ட குழந்தைகள் இல்லாத பெரிய ஆஸ்பத்திரி நமது மாகாணத்தில் இராது. வெந்த புண்ணைக் கட்டிவிட்டால் தீர்ந்ததென்று வெளியிலிருப்பவர்கள் எண்ணுகிறோம். உண்மையில் அதற்குப் பிறகுதான் வேதனை ஆரம்பமாகிறது. கட்டைப் பிரிக்க வேண்டும். புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியை நனைத்து உரிக்க வேண்டும். கழுவி, இறந்த தோலை அகற்றி, மருந்து தடவி மறுபடியும் கட்ட வேண்டும். இது ஒரு நாள் இரு நாள் அல்ல, வாரக் கணக்கில். காயம் பட்டது ஒரு நொடி. அதற்காகக் குழந்தை படும் பாடு ஒரு மாதம். கட்டுக்கட்டும் வண்டியின் சக்கரம் தாழ்வாரத்தில் உருளும் சத்தம் கேட்டதுமே குழந்தையின் முகம் வெளிறிவிடுகிறது. ரத்தப் புற்று கண்ட குழந்தைக்கு முதுகுத் தண்டில் ஊசி. தலசீமியா என்னும் ரத்த நோயுள்ள குழந்தைக்கு வாரக் கணக்கு வைத்து ரத்தம் ஏற்றும் ஊசி. இவர்களுக்கெல்லாம் எந்த எறும்பின் பெயரைச் சொல்லுவது?

பெரியவர்கள் விஷயத்தில் இந்தப் பிரச்னை எப்போதோ கவனிக்கப்பட்டு விட்டது. 1846-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து வலி தெரியாத ஆபரேஷனுக்கு வழி காட்டினார். மேனாட்டு வைத்தியத்தை 1909-லேயே 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் கடுமையாகக் கண்டித்தவர் மகாத்மா காந்தி. அவருக்கே 1924 ஜனவரி 12-ந் தேதி இரவு புனா ஸாஸூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மாடக் என்ற ஆங்கில டாக்டர் குடல்வால் ஆபரேஷன் செய்தபோது க்ளோரோபாரம் கொடுத்துத்தான் செய்தார்கள். நடுவில் மின்சார விளக்கு அணைந்துபோன கதையைப் பலரும் படித்திருக்கலாம். கத்தியின் வலியைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஏனெனில் அது இல்லை.

ஆனால் குழந்தைகள்? நம்புவதற்கே கஷ்டமான ஒரு விஷயம் சொல்லுகிறோம். 1980-களின் மத்தி வரையில், பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கு, அதிலும் மாதம் நிறையாமல் பிறந்தவற்றுக்கு, ஆபரேஷன் செய்யும்போது பெரியவர்களுக்குக் கொடுக்கிற அளவில் வலி மருந்து கொடுப்பது மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே வழக்கமாக இருக்கவில்லை. அசையாமலிருக்க ஒரு மருந்தும், லேசான மயக்க வாயுவும் கொடுத்துவிட்டு மார்பைத் திறந்தார்கள். சிசுவின் நரம்புகள் முதிரவில்லை, ஆகவே அதற்கு வலி தெரியாது என்பது சாஸ்திரம்! இந்தச் சாஸ்திரத்தைத் தகர்த்தவர் நம்மவர் ஒருவர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய சங்கதி. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற டாக்டர் கே. ஜே. எஸ். ஆனந்த், ஆபரேஷனுக்குப் பிறகு சிசுக்களின் உடல் நிலை ஏன் இவ்வளவு மோசமாகிறது என்று ஆராயப் புகுந்தார். 'லான்செட்' பத்திரிகையில் 1987-ல் அவரும் தோழர்களும் வெளியிட்ட முடிவு இது: பென்டானில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்த சிசுக்களின் ரத்தத்தில் கலவரத்தைக் காட்டும் ரசாயனங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன; ஆபரேஷனுக்குப் பின் ஏற்படும் சிக்கல்களும் குறைந்தன. அழ முடியாமல் கட்டிப் போடப்பட்ட சிசுவுக்காக அதன் ரத்தம் சாட்சி சொல்லிற்று. அது முதற்கொண்டுதான், குழந்தைக்கு வலி உண்டு என்பதை வைத்திய உலகம் வாய் திறந்து ஒப்புக்கொண்டது.

இப்போது கதை அமெரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள ஸியாட்டில் நகரத்துக்குப் போகிறது. அங்கே ஹார்பர்வியூ ஆஸ்பத்திரியில் தீக்காயம் பட்டவர்களுக்குப் பெரிய சிகிச்சைச் சாலை இருக்கிறது. படுத்திருக்கும்போது வலியை அடக்கும் மார்பின் மருந்து, புண்ணைக் கழுவும்போது போதாமற் போவதை அங்குள்ள டேவிட் பாட்டர்ஸன் என்னும் மனோதத்துவ நிபுணர் கண்டிருந்தார். அதே ஊர் சர்வகலாசாலையில் ஹண்ட்டர் ஹாப்மன் என்ற மற்றொரு மனோதத்துவ நிபுணர், சிலந்தியைக் கண்டு நடுங்குகிறவர்களின் பயத்தைப் போக்குவதற்காக ஒரு மாயக் காட்சியை வைத்திருந்தார். கண்ணை முழுவதும் மூடும் ஒரு பெட்டிக் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே திரை. தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். திருவிழாக்களில் காலணா வாங்கிக்கொண்டு பயாஸ்கோப் பெட்டி காட்டுவார்களே, அந்தப் பெட்டிக்குள் தலையை மட்டும் விடாமல் ஆளே இறங்கிவிட்டது போல என்று சொன்னால் ஒருவாறு விளங்கும். விர்ச்சுவல் ரியாலிட்டி என்று அவர்கள் சொல்வதற்கு 'மெய்ந்நிகர் காட்சி' என்று இக்காலத் தமிழில் பெயர் வழங்குகிறது. நல்ல பெயர்தான்.

இவ்விருவரும் கூடினார்கள். 2000-ஆம் வருஷம் வெளியான அவர்களது முதல் அறிக்கையில் நோயாளிகள் இரண்டே பேர். இருவரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். புண்ணுக்குச் சிகிச்சை செய்யும்போது, சாதாரண வீடியோ விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள்; சிலந்தி உலாவும் மாயச் சமையலறையையும் காட்டிப் பார்த்தார்கள். மாயச் சமையலறையில் புகுந்திருந்தபோது வலி மிகவும் குறைந்ததாக இருவருமே சொன்னார்கள். (சிலந்திக்குத் திருவானைக்கா, எறும்புக்குத் திருவெறும்பூர் என்று அற்ப ஜந்துக்களுக்கெல்லாம் மோட்சம் கொடுத்த நம் காவிரிக் கரைக்காரர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது.) பிறகு தீக்காயம் பட்டவர்களுக்கென்றே ஒரு பனி உலகத்தைச் சிருஷ்டி செய்தார்கள். நீல நிறப் பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து போய்க்கொண்டே பனிமனிதர்கள் மீதும் பெங்குவின் பறவைகள் மீதும் பனி உருண்டைகளை வீசலாம். வெந்த உடம்புக்குப் பனி! யோசனை செய்தவன் நல்ல ரஸிகன்.

வெறும் மனப்பிராந்தியா என்று கேட்கலாம். 2004-ல் இதே கூட்டத்தார் ஆரோக்கியமுள்ளவர்களின் பாதத்தில் பொறுக்கக்கூடிய சூடு வைத்து, அதே நேரத்தில் மூளையைக் காந்தக் கருவியால் படம் பிடித்தார்கள். வலியோடு சம்பந்தப்பட்ட ஐந்து இடங்களிலும், பனி உலகத்தில் இருந்தபோது வேலை குறைந்து காணப்பட்டது. வலியைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதல்ல; வலியே குறைவாகத்தான் வந்து சேர்ந்தது. 1965-லேயே மெல்ஸாக், வால் என்ற இருவர், உடம்பிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் வலிக்கு ஒரு கதவு உண்டென்றும், மனத்தின் நிலை அதைத் திறக்கவும் சாத்தவும் கூடுமென்றும் சொல்லியிருந்தார்கள். கவனம் என்பது நம் காவிரித் தண்ணீரைப் போல அளவுள்ள பொருள். உய்யக்கொண்டான் வாய்க்காலில் கூடுதலாகத் திறந்தால் மற்ற இடத்தில் மட்டம் இறங்கத்தான் செய்யும். பயமோ அந்தத் தண்ணீர் முழுவதையும் வலியின் பக்கமே திருப்பிவிடுகிறது. பயந்த குழந்தைக்கு அதே ஊசி அதிகமாக வலிப்பது அதனால்தான்.

இந்தத் தத்துவம் தமிழ்நாட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரியாததல்ல. 'பராக்குக் காட்டுதல்' என்று அதற்கு நம் பாஷையில் தனிச் சொல்லே இருக்கிறது. காது குத்தும்போது குழந்தையை ஏன் மாமன் மடியில் உட்கார்த்தி வைக்கிறார்கள்? கையில் ஏன் வாழைப்பழமும் வாயில் ஏன் வெல்லமும்? ஆசாரி ஊசியை எடுக்கிற சமயத்தில் ஏன் நாகஸ்வரக்காரர் ஓங்கி வாசிக்கிறார்? சீர் வரிசை, சம்பிரதாயம் எல்லாம் இருக்கட்டும். அதற்குள்ளே ஒரு வைத்தியமும் ஒளிந்திருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு இனிப்பு நாவில் பட்டால் ஊசி வலி குறைவதை மேல்நாட்டார் சர்க்கரைக் கரைசலை வைத்துச் சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாய்ப்பாலும் நல்லதென்று உலக சுகாதார ஸ்தாபனமே 2015-ல் தடுப்பூசிகளைப் பற்றி வெளியிட்ட யோசனைகளில் சொல்லியிருக்கிறது: ஊசி போடும்போது தாயின் மடியில் வைத்துப் பால் கொடுக்கலாம்; பொய்யான தைரியம் சொல்லிக் குழந்தையின் நம்பிக்கையைக் கெடுக்கலாகாது. நமது எறும்பு அன்றே வேலையிழந்தது. நாம்தான் இன்னும் அதை விடவில்லை.

பிரேஸில் தேசத்துச் சங்கதி ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது. 2017-ல் அங்கே தடுப்பூசி நிலையங்களில் குழந்தைக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒரு வீரக் கதை காட்டினார்கள். என்ன நடக்கிறதென்பதை நர்ஸும் வேறொரு திரையில் பார்த்துக்கொண்டேயிருப்பாள். கதையில் குளிர்ந்த பனிக்கனி குழந்தையின் கையில் படும் தருணம் பார்த்து ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள்; நெருப்புக்கனி பதியும் தருணத்தில் ஊசி ஏறும். ராஜ்யத்தைக் காப்பாற்றும் கவசம் அதனால் குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது. தடுப்பூசி என்பது கவசம் என்பதை இதைவிட யார் விளக்கியிருக்கிறார்கள்? குழந்தையிடம் உறுத்தலை மறைக்கவில்லை. உறுத்தலுக்கு ஓர் அர்த்தம் கொடுத்தார்கள்.

புதுமை என்றதும் மயங்கிவிடுவது நம் வழக்கமன்று. கணக்கையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தில் தீக்காயம் பட்ட ஏழு குழந்தைகளிடம் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். வலி மருந்து மட்டும் கொடுத்தபோது சராசரி 4.1 என்றிருந்த வலியளவு, மருந்தோடு மாயக் காட்சியும் சேர்ந்தபோது 1.3 ஆயிற்று. நம் தேசத்திலும் மங்களூர்ப் பல் வைத்தியர்கள் 5 முதல் 8 வயதுக்குட்பட்ட 120 குழந்தைகளைக் கொண்டு நடத்திய பரீட்சையின் முடிவு 2019-ல் பிரசுரமாயிற்று. பயமும் வலியும் குறைந்ததோடு, எச்சிலிலே கலவரத்தைக் காட்டும் கார்ட்டிஸால் என்ற பொருளும் குறைந்ததாம். இவ்வளவும் நன்று. ஆனால் இம்மாதிரிப் பரீட்சைகளைப் பொறுக்கிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் சபையார், 4 முதல் 18 வயது வரையுள்ள 1,008 பிள்ளைகள் பங்குகொண்ட 17 பரீட்சைகளை ஒன்று சேர்த்து 2020-ல் தீர்ப்புக் கூறினார்கள்: பலன் இருக்கலாம், ஆனால் நிச்சயமாகச் சொல்லப் போதிய பலமான சாட்சியம் இன்னும் இல்லை. இந்தத் தீர்ப்பை எழுதியவர்களுள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவரும் ஒருவர். கண்ணாடி மாட்டியிருப்பது குழந்தைக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். மாத்திரையைப் போல மறைத்துப் பரீட்சிக்க வழியில்லை. அதனால்தான் இவ்வளவு தயக்கம். காது குத்தும் வாழைப்பழத்துக்கும் இந்தக் கோர்ட்டில் இதே தீர்ப்புத்தான் கிடைத்திருக்கும்.

நமக்குள்ள பயம் வேறு. மாயக் கண்ணாடி வந்துவிட்டதென்று சொல்லி, வலி மருந்தைக் குறைத்துவிடப் போகிறார்களே என்பதுதான் அது. ஸியாட்டிலில் மார்பினுக்குப் பதிலாகப் பனி உலகத்தைக் காட்டவில்லை. மார்பினோடு சேர்த்துக் காட்டினார்கள். நம் தேசத்தின் விந்தையைக் கேளுங்கள். அரசாங்க அநுமதியோடு ராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அபினிச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் சர்க்கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலகத்து வைத்தியத்துக்கு அபினி விளைத்துக் கொடுக்கும் நாட்டில், வேதனைப்படும் நம் சொந்த நோயாளிக்கு மார்பின் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்து வந்திருக்கிறது. 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்துக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகும் அந்தத் தயக்கம் முற்றும் ஒழியவில்லை. ஊசி போடும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகத் தடவி வைத்தால் தோல் மரத்துப்போகும் களிம்பு ஒன்றும் இருக்கிறது. அதுவும் மருந்துக் கடையில் கிடைக்கிறது. முன்கூட்டியே தடவ யாருக்கும் பொழுதில்லை. இவற்றையெல்லாம் செய்யாமல் கண்ணாடியை மட்டும் மாட்டுவது, இலையில் சோறில்லாமல் அப்பளத்தை மட்டும் பொரித்துப் போடுவது போலாகும்.

எல்லாக் குழந்தைக்கும் இது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தைக்குப் பயனில்லை. சிலருக்குத் தலை சுற்றிக் குமட்டுகிறது. காக்கை வலிப்பு உள்ளவர்களுக்கும், முகத்திலே வெந்தவர்களுக்கும் கூடாது. கருவி செய்து விற்பவர்களே சிறு குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டாமென்று எழுதி வைத்திருக்கிறார்கள்; வைத்தியர் மேற்பார்வையில் சில நிமிஷம் காட்டுவது வேறு, வீட்டிலே பொழுது போக்குக்கு மாட்டிவிடுவது வேறு. ஏற்கெனவே செல்போனைக் காட்டாமல் சோறு இறங்காத வீடுகளுக்கு இதை விசேஷமாகச் சொல்லுகிறோம்.

இனி, சுதேசிப் பிரச்னை. பனி உருண்டையும் பெங்குவினும் ஸியாட்டில் குழந்தைக்குச் சரி. திருவெறும்பூர்க் குழந்தை பனிக்கட்டியைக் கண்டதெல்லாம் சர்பத் கடையிலும் வீட்டு ஐஸ் பெட்டியிலும்தான். அதற்கு ஏன் நம் ஊர்க் கதையையே காட்டக் கூடாது? குழந்தை ஓர் எறும்பாகிவிடுகிறது. வரிசையில் முன்னும் பின்னும் எறும்புகள். மலைக் கோயில் படிகள் ஒவ்வொன்றும் ஒரு மலையாக நிற்கின்றன. அபிஷேகத் தண்ணீர் பெரு வெள்ளமாக வருகிறது. சிந்திக் கிடக்கும் பொங்கலில் ஒரு பருக்கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழுக்கும், விழும், மறுபடி ஏறும். கடைசியில் அவ்வளவு பெரிய உருவம் மெள்ளச் சாய்ந்து கொடுக்கிறது. இதைச் செய்ய ஆளில்லையா? அந்த ஊர்ப் பக்கத்திலேயே 1960-களிலிருந்து ராட்சதக் கொதிகலன்களை வார்க்கும் பாரத மிகுமின் தொழிற்சாலை இருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1964-ல் பிராந்திய இன்ஜினீயரிங் கல்லூரியாகத் தோன்றி, இன்று தேசியத் தொழில் நுட்பக் கழகமாக விளங்கும் ஸ்தாபனம் துவாக்குடியில் இருக்கிறது. திருச்சியிலே கி. ஆ. பெ. விசுவநாதம் பெயரால் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை ஐ. ஐ. டி.யில் இந்த மாயக் காட்சி வித்தைக்கென்றே ஒரு மையம் நடக்கிறது. கொதிகலனும் பீரங்கியும் செய்யும் ஊரில் ஓர் எறும்புக் கதை செய்ய முடியாதென்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

செலவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். கெட்டி அட்டையை மடித்து, இரண்டு கண்ணாடி வில்லைகளைப் பொருத்தி, சாதாரணச் செல்போனை உள்ளே செருகிப் பார்க்கும் வழியைக் கூகிள் கம்பெனியார் 2014-லேயே காட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பையன் செய்யக்கூடிய வேலை. உண்மையான செலவு கருவியில் இல்லை, ஆளில் இருக்கிறது. ஒரு காலைப் பொழுதில் முப்பது கட்டுகளைப் பிரித்துக் கட்ட வேண்டிய நர்ஸ் அம்மாள், ஒவ்வொரு குழந்தைக்கும் கண்ணாடியை மாட்டிப் பழக்கி, கதை ஆரம்பிக்கும் வரை காத்திருந்து, கழற்றிய பின் கிருமி நாசினியால் துடைத்து வைக்க முடியுமா? முடியாது. அதற்கென ஒருவர் வேண்டும். அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

அந்த ஒருவர் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார். கட்டுப் பிரிக்கும் அறைக்குள் தாயாரை விடுவதில்லை என்பது பல இடங்களில் வழக்கம். குழந்தை உள்ளே அலறுகிறது, தாய் வெளியே சுவரில் சாய்ந்து அழுகிறாள். அவளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுத்து, மேலே ஓர் அங்கியைப் போட்டு, குழந்தையின் தலைமாட்டில் உட்கார ஒரு முக்காலி போட்டுவிட்டால், கண்ணாடியை அவளே மாட்டுவாள், அவளே துடைப்பாள். கண்ணாடி வந்து சேர நாளாகுமானால், அதுவரையில் கதையையும் அவளே சொல்லுவாள். இந்தத் தீபாவளிக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. முக்காலி போடுவதற்கு அரசாங்க உத்தரவு வேண்டுமென்றால், இப்போதே எழுதிக் கேட்கலாம்.